பல் கிளினிக்கின் ஸ்டாக் நோட்டு

வேர் சிகிச்சைக்காகப் பல்லைத் திறந்துவிட்ட பிறகு "பேப்பர் பாயின்ட் தீர்ந்துபோச்சு" என்று சொல்ல முடியாது. வேர்க்குழாய்க்குள் மிஞ்சியிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற மெல்லிய காகிதக் குச்சி அது. ஒரு குச்சியின் விலை சில்லறைக் காசு. ஆனால் அது இல்லாமல் குழாய் காயாது. காயாத குழாயை கட்டபெர்ச்சா என்ற மரப்பால் குச்சி வைத்து அடைக்க முடியாது. தற்காலிகமாக மாவு வைத்து மூடி, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்ப வேண்டியதுதான். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்தவருக்கு அந்த அடுத்த வாரம் என்பது ஒரு நாள் கூலி. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய நாற்காலியும் எக்ஸ்ரே சென்சாரும் இருந்தும், ஒரு காகிதக் குச்சிக்காக வேலை நின்றுபோகும். பொருளின் விலைக்கும், அது இல்லாமல் போனால் வரும் நஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லாத இடம் பல் கிளினிக். அங்கே ஸ்டாக் பார்க்க வருகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

நான் 2004-ல் கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது ஒரு டாக்டர், ஒரு நாற்காலி, ஒரு மர அலமாரி. இன்று அவர் மகள் டாக்டர் மேடமும் மருமகன் சின்ன டாக்டரும் சேர்ந்து பார்க்கிறார்கள், நாற்காலி மூன்றாகிவிட்டது. பெரிய டாக்டர் காலையில் மட்டும் வருகிறார். என்னை மேனேஜர் என்கிறார்கள். ஆனாலும் நாளின் பாதி நேரம் நான் இழுப்பறைகளுக்கு முன்னால்தான் நிற்கிறேன், அல்லது பல் மருத்துவப் பொருள் விற்கிற டிப்போக்காரரோடு ஃபோனில் இருக்கிறேன்.

அந்த நாளில் சென்னை, திருச்சி டென்டல் டிப்போக்களுக்கு ஃபோன் போட்டுப் பட்டியலை வாசிப்போம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்சல் ஆபீசுக்குப் போய் எடுத்துவர வேண்டும். கம்பெனி ரெப் மாதம் ஒருமுறை பெரிய பையோடு வருவார். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து செக். இப்போது டென்டல்கார்ட் போன்ற ஆன்லைன் கடைகளில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஆர்டர் போடலாம். விலை ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய வசதி; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பக்கத்து ஊர் டிப்போ ஒன்றின் உறவை ஒருபோதும் விட்டதில்லை. காலையில் பல்லைக் குடைகிற ஏரோட்டாரின் காட்ரிட்ஜ் போய்விட்டால், "அண்ணே, ஒண்ணு பஸ்ஸுல ஏத்தி விடுங்க" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அவர் கண்டக்டரிடம் கொடுத்து, பஸ் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மதியச் சாப்பாட்டுக்குள் பொருள் கைக்கு வந்துவிடும். அம்பது ரூபாய் குறைகிறது என்பதற்காக அந்த உறவை அறுத்துக்கொள்கிற கிளினிக்குகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்டாக்கைப் பெட்டிக் கணக்கில் வைத்திருப்பது பலரின் வழக்கம். வேர்க்குழாயைச் சுரண்டுகிற கே ஃபைல் நாலு பெட்டி இருக்கிறது என்று நோட்டில் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். கலந்து வருகிற பெட்டியில் ஆறு ஃபைல்கள்: வெள்ளைக் கைப்பிடி 15, மஞ்சள் 20, சிவப்பு 25, நீலம் 30, பச்சை 35, கறுப்பு 40. எண் என்பது நுனியின் பருமன். 15 என்றால் 0.15 மில்லிமீட்டர். கடைவாய்ப் பல்லின் குழாய் குறுகி, வளைந்து போகும். அதில் டாக்டர் முதலில் விடுவது ஊதா நிற 10. அது கலப்புப் பெட்டியிலேயே வராது, தனியாக வாங்க வேண்டும். அடுத்தது வெள்ளை. இந்த இரண்டும்தான் அதிகம் கஷ்டப்படும். பயன்படுத்திய ஃபைலைக் கழுவி, ஆட்டோகிளேவுக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றினால், திருகு ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று மின்னினால், அங்கே திருகு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை அது வேருக்குள்ளேயே முறிந்து நிற்கலாம். அதை அப்போதே ஊசிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இப்படி வெள்ளையும் மஞ்சளும் போய்க்கொண்டே இருக்க, பச்சையும் கறுப்பும் புதுக் கருக்கோடு அப்படியே கிடக்கும். அதனால் கலப்புப் பெட்டி வாங்குவதை நிறுத்தி, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, 21, 25, 31 மில்லிமீட்டர் என்று நீளவாரியாகவும் பிரித்து வாங்க ஆரம்பித்தோம். 31 நீளம் எப்போதாவது மேல் கோரைப்பல்லுக்குத்தான் தேவைப்படும். தேவைப்படும் அன்று அதற்கு மாற்று எதுவும் கிடையாது.

கிளிப் போடுகிற பல்லுக்கும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும் ஆர்த்தோ டாக்டர் ஒரு பிராக்கெட் செட்டைத் திறந்து மாட்டிவிடுவார். பையன் வீட்டுக்குப் போய் முறுக்கு கடிப்பான். கழன்று வருவது பெரும்பாலும் பின்பக்கத்துச் சிறு கடைவாய்ப் பல்லின் பிராக்கெட்தான். ஒன்று கழன்றதற்காக முழு செட்டைப் பிரிப்பது வீண். உதிரி பிராக்கெட்டுகளை இடம் வலம், மேல் கீழ் எழுதிச் சின்ன டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது? அப்பாயின்ட்மென்ட் நோட்டிலிருந்து. சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்தின் பக்கங்களைப் புரட்டுவேன்: வேர் சிகிச்சை இத்தனை, கேப் அளவு இத்தனை, பல் எடுப்பது இத்தனை, குழந்தைகள் இத்தனை பேர். ஒவ்வொரு வேலைக்கும் ட்ரேயில் என்னென்ன போகும் என்பது மனப்பாடம். கையுறைக் கணக்கு எல்லாவற்றிலும் எளிது. ஒரு நாளில் 25 பேர். ஒவ்வொருவருக்கும் டாக்டருக்கு ஒரு ஜோடி, உதவியாளருக்கு ஒரு ஜோடி. ஆக 100 உறை, ஒரு பெட்டி. பார்சல் வர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளுக்கான சரக்கு, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கான சரக்கு. அந்த அளவுக்குக் கீழே போனால் ஆர்டர். அந்த அளவைக் காட்டும் கோட்டை ஒவ்வொரு டப்பாவின் வெளியிலும் சிவப்பு மார்க்கரால் போட்டு வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட, என்னைக் கேட்காமலே, எது தீரப் போகிறது என்று தெரிய வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. பல் மருந்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிரி உண்டு. எங்கள் ஊரில் அந்த எதிரிகள் எல்லோரும் ஒன்றாகவே குடியிருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் காவிரிக் கரை ஊர்களின் காற்றில் ஈரம் தொங்கும். அளவெடுத்த அச்சில் ஊற்றுகிற பிளாஸ்டர் மூட்டை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதலில் பிளாஸ்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறுகத் தொடங்கும். பொடிக்குள்ளேயே இறுகிய துகள்கள் உருவாகி, கலந்தவுடன் மற்றதையும் இழுத்துவிடுவதால் அப்படி. கையில் கலக்கும்போதே கட்டியாகும். "தண்ணி கொஞ்சம் கூட ஊத்து" என்று யாராவது சொல்வார்கள். அதனால் வார்த்தெடுக்கிற மாதிரி பலவீனமாகும். இன்னும் ஈரம் ஏறினால் நேர் எதிராக, இறுகவே நேரம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நான் பெரிய மூட்டை வாங்க மாட்டேன். விலை கூடினாலும் சின்னப் பைதான். வந்தவுடன் மூடியில் ரப்பர் வளையம் உள்ள டிரம்மில் கொட்டி, தரையில் வைக்காமல் மரப்பலகையின் மேல் வைப்போம்.

அளவெடுக்கிற அல்ஜினேட் பொடியும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பயப்படுவதுதான். பாக்கெட்டைப் பிரித்தவுடன் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போடாத மாதிரி, அந்த டப்பாவில் ஈர ஸ்கூப் போகக்கூடாது. இதைப் புதிய பெண்களிடம் சொல்லும்போது உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மரத்துப்போகிற ஊசி மருந்து வேறு ரகம். நாங்கள் பயன்படுத்துவது 30 மில்லி குப்பியில் வருகிற 2 சதவீத லிக்னோகெயின், அட்ரினலின் கலந்தது. அட்ரினலினுக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. மருந்து தெளிந்த நீராக இருக்க வேண்டும்; சற்றே இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் அந்தக் குப்பி அன்றோடு முடிந்தது, எக்ஸ்பைரி தேதி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. குப்பியைத் திறந்த தேதியை எழுதி ஒட்டிவிடுவோம். திறந்து 28 நாளுக்கு மேல் வைப்பதில்லை. மே மாதத்தில் பார்சல் ஆபீஸ் தகரக் கொட்டகைக்குள் ஒரு மதியம் முழுக்கக் கிடந்த பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். அதனால் கோடையில் ஊசி மருந்து, அடைப்பைப் பல்லில் ஒட்டவைக்கிற பாண்ட், பல் நிற அடைப்பான காம்போசிட் மூன்றையும் வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம் என்று டிப்போவில் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தப்பிப்போனால் திங்கள்வரை அது எங்கோ வெயிலில் நிற்கும்.

பாண்ட் பாட்டில் சிறியது, விலை பெரியது. அதில் இருக்கிற அசிட்டோன் அல்லது ஆல்கஹால் ஆவியாகப் பறக்கும் வகை. துளி விட்டவுடன் மூடியைத் திருகாமல் ட்ரேயில் நிறுத்திவிட்டால், பாட்டில் தீருவதற்கு முன்பே அதன் வேலை தீர்ந்துவிடும். பல்லில் ஒட்ட வைத்த அடைப்பு மாதங்கள் கழித்துப் பெயர்ந்து வரும்போது யாரும் பாட்டில் மூடியை நினைக்க மாட்டார்கள். வேரைக் கழுவுகிற ஹைப்போகுளோரைட்டும் இப்படித்தான். வெளிச்சத்திலும் சூட்டிலும் குளோரின் குறைந்துகொண்டே போகும். அஞ்சு லிட்டர் கேனை மலிவு என்று வாங்குவதைவிட, கறுத்த பாட்டிலில் அரை லிட்டராக வாங்குவது நோயாளிக்கு நல்லது. கட்டபெர்ச்சா குச்சிகள் மரப்பாலில் செய்தவை. நாள்பட, காற்றும் வெளிச்சமும் பட்டு நொறுங்க ஆரம்பிக்கும். ஒன்றை எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்லது வளையும், பழசு முறியும்.

பல்லடைக்கிற ஜிஐசி சிமென்டில் பொடியும் திரவமும் தனித்தனி பாட்டில். ஒரே பெட்டியில் வந்தாலும் ஒரே நாளில் தீராது. எங்களிடம் திரவம்தான் முதலில் தீரும். காரணம் துளி விடுகிற விதம். பாட்டிலைச் சாய்வாகப் பிடித்தால் காற்றுக் குமிழோடு துளி கோணலாக விழும். அது வேண்டாம் என்று இன்னொரு துளி விடுவார்கள். நேராகத் தலைகீழாகப் பிடித்து விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரே அளவில் இறங்கும். ஸ்டாக் கணக்கில் இடறல் வந்தால் அலமாரியை மட்டும் பார்க்காமல் நாற்காலிப் பக்கம் போய், கையைப் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். தீர்ந்துபோன திரவத்தின் பின்னால் பெரும்பாலும் ஒரு பழக்கம் இருக்கும்.

2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்தது. இன்வெர்ட்டர் நாற்காலிக்கும் விளக்குக்கும் போய்விடும், ஃபிரிட்ஜுக்கு மிஞ்சாது. அந்த ஆண்டு நாங்கள் எடுத்த முடிவு, குளிரில் வைக்கிற எதையும் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை என்பது. டிப்போக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள், சின்னச் சின்ன ஆர்டருக்குப் பார்சல் கூலி கட்டுப்படியாகாது என்றார்கள். கூலியை நாங்களே ஏற்றோம். அவர்கள் குடோனில் ஏசி இருந்தது. எங்களுக்கு அதுதான் ஃபிரிட்ஜ். மின்வெட்டு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காம்போசிட்டில் ஏ2, ஏ3, பி2 நிறங்கள் மட்டுமே இரண்டிரண்டு சிரிஞ்ச் இருக்கும். மற்ற நிறங்களில் ஒவ்வொன்று. காலையில் வந்தவுடன் அன்றைய சிரிஞ்சுகளை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்; குளிர்ந்த காம்போசிட் கெட்டியாக இருக்கும், டாக்டர் கைக்கு இணங்காது.

ஆர்டர் போடுவதற்குப் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கிராமத்துப் பெரியவர்கள் பல்செட்டுக்கு வருவார்கள். அக்ரிலிக் பொடி, மெழுகு, அல்ஜினேட், பல் வரிசைகள் எல்லாம் மார்கழியிலேயே வந்து இறங்கிவிட வேண்டும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் பல் சுத்தம் செய்ய, வெளுக்க வைக்க, முன்பல் கேப் மாற்ற வருவார்கள். ஆடியில் சற்று ஓய்வு; அலமாரியைக் கழுவித் துடைத்து, ஆண்டு இருப்பு எடுப்பது அப்போதுதான். ரம்ஜான் நோன்பு மாதத்தில் ராஜகிரி, பண்டாரவாடை பக்கத்து நோயாளிகள் பகலில் வர மாட்டார்கள்; பெருநாள் கழிந்ததும் சேர்ந்து வருவார்கள். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவில் வருகிறவர்களுக்கு எல்லா வேலையும் இரண்டே வாரத்தில் முடிய வேண்டும். அவர்களிடம் "பொருள் வரல" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபிளைட் டிக்கெட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கும்பகோணம் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். கறை பிடித்த பல்லைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் இங்கே வருஷம் முழுக்க உண்டு. அதனால் ஸ்கேலர் முனை தேய்வதும் அதிகம். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் அதன் திறனில் கால்வாசி போய்விடும், இரண்டு மில்லிமீட்டரில் பாதி. கண்ணுக்குத் தெரியாது, அளவு அட்டையின் மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தேய்ந்த முனையோடு வேலை செய்கிற டாக்டர் இன்னும் அழுத்துவார், நோயாளிக்குக் கூசும், நேரமும் இழுக்கும். முனையின் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை.

2016 மகாமகத்தை மறக்க முடியாது. பிப்ரவரி 22 தீர்த்தவாரி. அதற்கு முந்தைய பத்து நாளும் ஊருக்குள் வண்டி வருவதற்குக் கட்டுப்பாடு. ஊர் பார்சல் ஆபீஸுக்குச் சரக்கு வந்து சேருமா என்பதே சந்தேகம். ஆனால் திருவிழாக் கூட்டத்துக்குப் பல்வலி வராமலா இருக்கும்? ஜனவரி கடைசியிலேயே ஊசி மருந்து, பஞ்சு, தையல் நூல், வலிக்கான அவசர அடைப்புப் பொருள் எல்லாம் கூடுதலாக இறக்கிவைத்தோம். கேப், கிளிப் போன்ற, தள்ளிப்போடக்கூடிய வேலைகளுக்கு அந்த வாரம் நாளே கொடுக்கவில்லை. அடுத்த மகாமகத்துக்கும் அந்தப் பட்டியல் நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

இனி ரெப்புகள். நல்ல பிள்ளைகள், வெயிலில் அலைகிறார்கள், வந்தால் முதலில் மோர் கொடுப்பேன். "அக்கா, இந்த மாசம் அஞ்சு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்பான் ஒருவன். "எக்ஸ்பைரி என்ன தம்பி?" என்று கேட்பேன். சில நேரம் பேச்சு வேறு பக்கம் போகும். ஆறு மாதத்தில் காலாவதியாகப் போகிற சரக்குக்குத்தான் சலுகை தாராளமாக இருக்கும். ஆறு பாட்டிலை அத்தனை நாளுக்குள் தீர்க்க முடியுமா என்று அங்கேயே கணக்குப் போட வேண்டும். முடியாதென்றால் அந்த இலவசப் பாட்டிலோடு சேர்ந்து காசு கொடுத்த பாட்டிலும் குப்பைக்குப் போகும். டாக்டர் மேடம் நாற்காலியில் வேலையாக இருக்கும்போது சம்மதம் வாங்கிவிடப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் கிளினிக்கில் ஒரு ஏற்பாடு: எந்தப் பொருள் நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள், எத்தனை, எப்போது, யாரிடம் என்பதை நான் சொல்வேன்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் தேதி இரண்டு இருக்கும். தொழிற்சாலைப் படம் போட்டிருப்பது தயாரித்த தேதி. மணற்கடிகாரப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காலாவதி. வருஷம் முன்னாலும் மாதம் பின்னாலும் அச்சாகியிருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் காட்டுவது இந்தப் படங்களை. புதுச் சரக்கு வந்தால் தேதியை மார்க்கரால் பெரிதாக எழுதி, தேதி வரிசையில் அடுக்க வேண்டும். முந்தி வந்ததா என்பதைவிட முந்திக் காலாவதியாகிறதா என்பதைப் பார்த்து அடுக்குவது. பிந்தி வந்த பெட்டிக்குத் தேதி முந்தி இருப்பது சகஜம். இறக்குமதிப் பொருளில் இறக்குமதி செய்தவர் பெயரும் உரிம எண்ணும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். மருத்துவக் கருவிகளுக்கான 2017 விதிகள் வந்து, பின்னர் பெரும்பாலான வகைகளுக்கு உரிமம் கட்டாயமான பிறகு இதைக் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு பலம் வந்திருக்கிறது. பெட்டியில் அந்த ஸ்டிக்கர் இல்லாமல், பாதி விலைக்கு வருகிற பொருளை நாங்கள் தொடுவதில்லை. நோயாளியின் வாய்க்குள் வருஷக்கணக்கில் இருக்கப் போகிற ஒன்று எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியாமல் இருக்கக்கூடாது.

விலை பற்றி ஒன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, மற்ற வியாபாரிகள் போல வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைத்தார்கள். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனாலேயே நாம் வாங்குகிற பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லை. பில்லில் கடைசி வரியில் இருக்கிற தொகைதான் நமக்கு அடக்க விலை. விலை ஒப்பிடும்போது வரி சேர்த்த விலையையும் பார்சல் கூலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கையுறையில் எல்லாம் ஒன்றல்ல என்று தெரியவைத்தது புட்டி. கேப் அளவெடுக்கிற அடிஷன் சிலிகான் புட்டியை லேடெக்ஸ் உறை போட்ட கையால் பிசைந்தால், ரப்பரில் இருக்கிற கந்தகம் புட்டியின் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்து, அது இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். புட்டி மோசம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன் உறையைப் பார்க்க வேண்டும். புட்டி டப்பா இருக்கிற அதே இழுப்பறையில் ஒரு பெட்டி வினைல் உறையும் வைத்திருக்கிறோம். இரண்டும் சேர்ந்தே ஆர்டர் ஆகும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. அவசர வலிக்கு மட்டும் திறந்தோம். மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. கையுறைக்கு வரம்பு இல்லை. விலை மடங்கு மடங்காக ஏறியது. அந்த நேரத்தில் நானும் வேறு ஊர்க் கிளினிக்குகளில் வேலை பார்க்கிற பெண்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். ஒருத்தியிடம் உறை மிஞ்சியிருக்கும், இன்னொருத்தியிடம் என்95. விலை வைத்து விற்காமல் மாற்றிக்கொண்டோம். அந்தக் குழு இன்றும் இருக்கிறது. யாருக்காவது 31 நீள ஃபைல் அவசரமாக வேண்டுமென்றால் அங்கேதான் முதலில் கேட்பது. இன்னொன்றும் அப்போது தெரிந்தது: பூட்டியிருக்கிற அலமாரியிலும் தேதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். திறந்த பிறகு நாங்கள் செய்த முதல் வேலை, எல்லா இழுப்பறையையும் மேசைமேல் கொட்டித் தேதி பார்த்தது. காலாவதியான மருந்துகள் மஞ்சள் பையில், மருத்துவக் கழிவு வண்டியில் போயின.

பயன்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டு வாங்குகிற பொருள்களும் உண்டு. அவசரச் சிகிச்சைத் தட்டு: அட்ரினலின் ஆம்பூல், ஹைட்ரோகார்ட்டிசோன், அவில், ஆஸ்பிரின், சர்க்கரைக் கரைசல், மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர், பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். ஊசி போட்டதும் ஒருவருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த நிமிஷத்தில் தேதி பார்க்க நேரமிருக்காது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்தத் தட்டை நானே திறப்பேன். வேறு யாரிடமும் விடுவதில்லை. சிலிண்டரின் அழுத்தமானியை வாரம் ஒருமுறை பார்க்கிறோம். வருஷா வருஷம் அந்த மருந்துகள் தொடப்படாமலே காலாவதியாகி மாற்றப்படுகின்றன. ஆடிட்டர் ஒருமுறை இதை வீண் செலவு என்று குறித்தார். டாக்டர் மேடம் அந்தக் குறிப்பை அடித்துவிட்டார்.

இப்போது சின்ன டாக்டர் வாய்க்குள் விட்டு எடுக்கிற ஸ்கேனர் வாங்கியிருக்கிறார். கேப்புக்கு அளவெடுக்கப் புட்டி பிசைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நோட்டில் புது வரிகள் ஏறியிருக்கின்றன: ஸ்கேனர் முனைகள், அவற்றை எத்தனை முறை ஆட்டோகிளேவ் செய்யலாம் என்ற கணக்கு, பிரின்டருக்கான ரெசின் பாட்டில், கழுவுகிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ரெசினுக்கும் வெளிச்சம் ஆகாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஆட்டோகிளேவ் அறையில் வைக்கக்கூடாது. புட்டி இருந்த இழுப்பறையில் பாதியை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டேன். ஆனால் பல்லே இல்லாத ஈறுக்கு ஸ்கேனரில் அளவெடுப்பதைவிடக் கையால் எடுப்பதையே பெரிய டாக்டர் நம்புகிறார். தை மாதம் வரப் போகிறது. இந்த வார ஆர்டரில் அல்ஜினேட் வழக்கம்போலவே இருக்கிறது, வினைல் உறை மட்டும் ஒரு பெட்டி குறைவு.